மரகதத்தின் நாடியும் ஒரு மருத்துவச் சீட்டும்

1. முப்பத்தெட்டு

நாடி முப்பத்தெட்டு என்று வந்ததும் என் கைக்கடிகாரம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். காதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிடம் எண்ணினேன். முப்பத்தெட்டு. பக்கத்தில் நின்ற, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரின் கடிகாரத்தைக் கழற்றி வாங்கி மூன்றாம் முறை எண்ணினேன். முப்பத்தேழு. "ஏன் சார், என் கடியாரம் தப்பா ஓடுதா?" என்று கேட்டார் கண்டக்டர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். அரிசி பங்கீடு. காலையில் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் வரிசையில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக முடியும். மடியில் ஒரு பிடி சோறு அகப்பட்டாலும் ஜெயில். ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க பாப்பம்மா என்ற விதவையை வேலைக்கு வைத்திருந்தார்கள். அந்த வரிசையில்தான் மரகதம் மயங்கி விழுந்தாள். பாப்பம்மாதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். தூக்கிவந்த களைப்பே அவளுக்குத் தெரியவில்லை. "வெறும் துணிய தூக்கிட்டு வந்த மாதிரி இருக்குதுய்யா" என்றாள்.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பத்துக் கட்டில், ஒரு மருந்தறை, பின்னால் குசினி. நான் அங்கே டிரஸ்ஸர். டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை காரில் வந்து, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் நான்தான், பாம்புக்கடிக்கும் நான்தான். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வயதைவிட அதிகமாக இருந்தது.

மரகதத்துக்குப் பதினேழு. உள்ளங்கை சில்லிட்டிருந்தது. விரல் நுனிகள் நீலம். கைகளில் பச்சைக் குழந்தைக்கு இருப்பது போல மெல்லிய ரோமம் முளைத்திருந்தது. ரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டியது. தராசில் நிற்க வைத்தேன். எழுபத்தெட்டு ராத்தல். லயத்துக்கு வேலி போட்டபோது எல்லாரையும் பதிவு செய்து எடை எடுத்திருந்தோம். அந்த நோட்டில் அவள் பெயருக்கு நேரே நூற்றிருபத்திரண்டு என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"என்னம்மா சாப்பிடுது பொண்ணு?" என்று அவள் அம்மா காத்தாயியிடம் கேட்டேன்.

"விரதம்யா" என்றாள் காத்தாயி. குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "முருகனுக்கு நேர்ந்துக்கிச்சு. மொதல்ல வெள்ளிக்கெழம மட்டும் இருந்துச்சு. அப்புறம் ஒரு மண்டலத்துக்கு ஒரு வேளச் சோறுதான்னு சொல்லுச்சு. சாமி காரியம் பாருங்க, நான் குறுக்க பேசல."

நானும் குறுக்கே பேசவில்லை. எங்கள் வீட்டிலும் விரதம் உண்டு. விரதம் இருக்கிற பெண்ணை லயத்தில் ஒரு படி மேலே வைத்துப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த நோய்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ரத்த சோகையாக இருக்கும், கொக்கிப் புழுவாக இருக்கும், பெரிபெரியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மாத்திரை எழுதினேன். நாடி மட்டும் எதற்குள்ளும் அடங்கவில்லை. நல்ல உழைப்பாளிக்கு நாடி மெதுவாகத்தான் ஓடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2. வேலியோரப் பொட்டலங்கள்

இரண்டாம் நாள் காலை, மலாய்க்காரரான போலீஸ் சார்ஜன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வார்டுக்குள் வந்தார். பின்னால் பாப்பம்மாவும் வந்தாள். ஒரு கான்ஸ்டபிள் கையில் சாக்கு. அதைத் தரையில் கவிழ்த்தார். வாழை இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்கள் உருண்டன. வார்டு முழுக்க நாற்றம்.

காத்தாயி வீட்டுக்குப் பின்னால், வேலியை ஒட்டிய கால்வாயில் கிடந்தனவாம்.

"இது யாருக்குப் போகிற சோறு?" என்று சார்ஜன் மலாயில் கேட்டார்.

காத்தாயி அவர் காலில் விழுந்துவிட்டாள். "நாந்தான் போட்டேன் தொரை, எம்புள்ளைக்கு ஒன்னும் தெரியாது. என்னைய புடிச்சிக்கிட்டுப் போங்க."

கட்டிலிலிருந்து மரகதம் எழப் பார்த்தாள். முடியவில்லை. "அம்மா இல்ல. நாந்தான். எனக்கு சோறு எறங்கல. அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு கட்டிப் போட்டேன்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சார்ஜன் தலையை ஆட்டினார். பங்கீட்டு அரிசியை யார் தூக்கிப் போடுவார்கள், தான் பட்டினி கிடந்து காட்டிலிருக்கிறவனுக்குக் கொடுத்திருக்கிறாள் என்றார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு சந்தேகம் போதும். தாயையும் மகளையும் லாரியில் ஏற்றி ஏதாவது ஒரு முகாமில் அடைத்துவிடுவார்கள். எப்போது திரும்பி வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் எடை நோட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பட்டினி கிடந்தாள் என்றுதானே நானும் சொல்கிறேன்" என்றார்.

அப்போது பாப்பம்மா முன்னால் வந்தாள். அவளுக்குப் பாதி மலாய், பாதி தமிழ்; பயம் என்பது இரண்டிலும் கிடையாது.

"சார்ஜன், பொட்டலத்த எண்ணிப் பாத்தீங்களா? பன்னெண்டு இருக்குது. அடியில கெடந்ததுல புழு நெளியுது, மேல இருக்கறது நேத்தோ முந்தாநாளோ போட்டது. காட்டுல இருக்கறவன் வந்து எடுத்திருந்தா எல்லாம் இங்கயே எப்படிலா கெடக்கும்? ஒன்னுகூட போகலையே!"

சார்ஜன் குனிந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரம்பால் புரட்டினார். பிறகு கட்டிலில் கிடந்தவளை வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். "இவளுக்குச் சோறு போடுங்கள் டிரஸ்ஸர்" என்று சொல்லிவிட்டு, கான்ஸ்டபிள்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

3. டபுள் டயட்

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. ஆனால் என்னைப் போல வேலை பார்க்க வருகிறவர்களுக்கு இதுதான் முக்கியம்.

போலீஸ் கையிலிருந்து தப்பிய பெண் என்று லயமே கொண்டாடியது. பங்கீட்டு நாளிலும் ஆளுக்கொரு கிண்ணம் வந்தது. ஒருத்தி நாட்டுக்கோழி ரசம் கொண்டுவந்தாள், ஒருத்தி பாயசம், இன்னொருத்தி முட்டை. சுற்றி நின்றுகொண்டு, "இன்னொரு வாய் வாங்கிக்க தங்கம்" என்று ஊட்டினார்கள். பயந்துபோயிருந்த பெண், ஊட்டியதையெல்லாம் விழுங்கினாள். மறுபக்கம் நானும் சும்மா இருக்கவில்லை. டயட் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே "டபுள் டயட்" என்று எழுதினேன். காலையும் மாலையும் நரம்பில் குளுகோஸ் ஊசி போட்டேன். கன்னத்தில் லேசாகச் சதை போட்டது போலத் தெரிந்ததும், என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குசினியில் சமையல்காரர் முனியாண்டி. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய், உயிரோடு திரும்பி வந்த சிலரில் ஒருவர். முதல் நாளே என்னிடம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, பட்டினி கெடந்த ஒடம்பு. கஞ்சித் தண்ணியா கொஞ்சங்கொஞ்சமா குடுக்கணும். சயாம்ல நாங்க பாத்தோம்..."

"சயாம் கதையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். நீங்க குசினியப் பாருங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த முகம் இன்னும் எனக்குத் தெரிகிறது.

ஊட்டத் தொடங்கிய நான்காம் நாள் காலை வார்டுக்குள் நுழைந்தபோது மரகதம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். இரண்டு காலும் வீங்கி, அழுத்திய இடத்தில் என் விரல் பள்ளமாகப் பதிந்தது. கன்னத்தில் சதை என்று நான் சந்தோஷப்பட்டதும் வீக்கம்தான். நாடியைப் பிடித்தேன். நூற்று முப்பதுக்கு மேல். அதுவும் ஒழுங்கில்லாமல், நாலு துடிப்பு ஓடி ஒன்று விட்டு, மறுபடி ஓடியது.

முனியாண்டி கஞ்சிச் சட்டியோடு வாசலில் நின்றார். அவரை நானே கூப்பிட்டேன்.

"சயாம்ல என்ன பாத்தீங்க?"

"சண்ட முடிஞ்சதும் வெள்ளக்காரன் ஏரோப்ளேன்ல டின் டின்னா சாப்பாடு போட்டான்யா. எங்க லயத்துல ஆறு பேரு வயிறு முட்ட தின்னானுங்க. நாலாம் நாளு, அஞ்சாம் நாளு காலு வீங்குச்சு. மூச்சு வாங்குச்சு. உக்காந்த வாக்குலயே போயிட்டானுங்க. எனக்கு அப்ப வாய்ப்புண்ணு, திங்க முடியல. கஞ்சித் தண்ணிதான் குடிச்சேன். அதான் இங்க நிக்கறேன்."

குளுகோஸை நிறுத்தினேன். பெரிபெரிக்கு வைத்திருந்த வைட்டமின் பி ஒன் ஊசியை உடனே போட்டேன். தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்தேன். பிறகு ரப்பர் பால் லாரி டிரைவரைத் தேடி ஓடினேன். ஓடும்போது நானே அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

4. டவுன் டாக்டர்

லாரியின் முன்சீட்டில் மரகதம், அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்தாயி. நான் படியில் தொற்றிக்கொண்டு, ஜன்னல் வழியே கையை விட்டு நாடியைப் பிடித்தபடியே போனேன். பத்து பெரண்டாம் என்ற ஊருக்குப் போகிற சாலையில் சோதனைச் சாவடியில் நிறுத்தி, லாரியில் அரிசி இருக்கிறதா என்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். "சீக்கிரம்" என்று நான் போட்ட கத்தலில் ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியை எடுத்தே விட்டான். மரகதத்தின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்த பிறகு அவனே தடுப்புக் கட்டையைத் தூக்கினான்.

டவுனில் அவளைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். நான்கு நாட்களில் என்னென்ன கொடுத்தோம் என்று என்னை விசாரித்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. டபுள் டயட், குளுகோஸ் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பட்டினியிலே தசை கரையும், இதயமும் தசைதானே" என்றார் அவர். "அது மெலிஞ்சு சின்னதாப் போய், மெல்லமா அடிச்சு, இருக்கிற கொஞ்சச் சக்தியிலே உயிரைக் காப்பாத்திக்கொண்டு இருந்தது. நீர் அதுக்கு மேலே ஒரே நாளிலே இவ்வளவு சீனியையும் சோத்தையும் ஏத்திப்போட்டீர். ரத்தத்திலே இருக்கிற உப்புகள் எல்லாம் குழம்பும், தண்ணி கூடும். அந்தச் சின்ன இதயம் எப்படித் தாங்கும்?"

கார்டை எடுத்துக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"ஆனா பி ஒன் போட்டது நல்ல காரியம். உம்முடைய சமையல்காரர் சொன்னதும் சரி."

மரகதத்தின் கார்டில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதினார். அனோரெக்சியா நெர்வோசா. பட்டினிக்குச் சோறு இல்லாமை காரணமில்லை, மனத்தில் ஏதோ ஒன்று சோற்றைத் தடுக்கிறது என்று விளக்கினார். எங்கள் படிப்பில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. விரதம் என்று நினைத்துவிட்டோம் டாக்டர் என்றேன்.

"விரதம் எண்டால் முடியிற நாள் ஒண்டு இருக்கும். இந்த விரதம் எண்டைக்கு முடியுது எண்டு தாயிட்டைக் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. தோட்டத்தில் ஒருவருமே கேட்கவில்லை.

"இதயம் பழையபடி திரும்புமா டாக்டர்?"

"திரும்பும். ஒழுங்காச் சாப்பிட்டால் இதயத் தசையும் திரும்ப வளரும். இந்த வருத்தத்திலே அதுதான் நல்ல சேதி. ஆனா அவ ஏன் சாப்பிடேல்லை எண்டதைக் கண்டுபிடியும். இல்லையெண்டால் திரும்ப இங்கைதான் கொண்டுவருவீர்."

மரகதத்தை அங்கேயே சேர்த்துவிட்டு வரும் வழியெல்லாம் காத்தாயி அழுதுகொண்டே வந்தாள். எனக்கும் அழ வேண்டும் போலத்தான் இருந்தது.

5. பாப்பம்மா சொன்னது

மூன்று வாரம் கழித்து வீக்கம் வடிந்து, நாடி சீராகி, மரகதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்பினாள். டாக்டரின் உத்தரவுகளை ஒரு தாளில் எழுதி வாங்கி வந்திருந்தேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை, அளந்து, கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது யாரும் சுற்றி நின்று பார்க்கக் கூடாது. சாப்பிட்டால் புகழக் கூடாது, மீதி வைத்தால் திட்டக் கூடாது. முதல் வேலையாக குசினிக்குப் போய் முனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கய்யா, அளவக் கரெக்டா சொல்லுங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

பத்து நாள் நன்றாகப் போயிற்று. எடை ஒரு ராத்தல், அரை ராத்தல் என்று ஏறியது. பதினோராம் நாள், "அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிரலாம். அப்புறம் மெதுவா வேலைக்கும் போகலாம்" என்று நல்ல வார்த்தையாகத்தான் சொன்னேன். மறுநாளிலிருந்து எடை நின்றது. ஜன்னலுக்கு வெளியே வாழை மரத்தடியில் கஞ்சி கொட்டியிருப்பதை முனியாண்டி பார்த்துவிட்டு வந்து சொன்னார். நாடி மறுபடி ஐம்பதுக்குக் கீழே இறங்கியது.

எனக்கு முன்கோபம் உண்டு. நேரே போய்ச் சத்தம் போட்டிருப்பேன். அன்றைக்கு என்னைத் தடுத்தது பாப்பம்மா. தினமும் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போவாள். அன்று உள்ளே வந்தாள்.

"ஐயா, ஒன்னு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"அது நல்லா வாட்டசாட்டமா இருந்த புள்ளைங்க. வாசல்ல தடவிப் பாக்கறப்ப, 'ஏண்டி, இதெல்லாம் ஒடம்பா, அரிசி மூட்டையா, அவுத்துக் கொட்டிப் பாக்கட்டுமா'ன்னு வெளையாட்டா சொல்லுவேன். பக்கத்துல நிக்கற கான்ஸ்டபிள் பசங்க சிரிப்பானுங்க. அவனுங்க சிரிக்கறாங்கன்னு நானும் மறுநாளு அதையே சொல்லுவேன். ஒரு நாளு ரெண்டு நாளு இல்லய்யா. தெனமும்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அது எளைக்க எளைக்க எனக்குத் தெரிஞ்சுச்சு. எங்கையிலதானே தெரிஞ்சுச்சு. வெரதம்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்."

அவளைத் திட்ட வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஒரு காலை, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயா கொட்டகைக்குப் பால் டின் கொடுக்கப் போனபோது அந்த வாசலைத் தாண்டியிருக்கிறேன். அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்திருக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன்.

மரகதத்தின் கட்டில் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பாப்பம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒடம்பு இருந்தாதானே தடவுவாங்க. எலும்பா இருந்தா ஒளிக்க எடமே இல்லன்னு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். மொதல்ல பசிச்சுச்சு. அப்புறம் பசியே போயிருச்சு. அது போனதும் சந்தோசமா இருந்துச்சு டிரஸ்ஸரய்யா. எளைச்சா போதும்னு தோணவே இல்ல, இன்னும் இன்னும்னுதான் தோணுச்சு. நிறுத்தணும்னு நெனச்சப்ப முடியல. சோத்தப் பாத்தாலே பயம்."

"இப்போ?"

"இப்பவும்தான். அடுத்த வாரம் வாசலுக்குப் போகணுமே."

பிறகு அவளே கேட்டாள். "வேலைக்கு லீவு சீட்டு எழுதித் தர்றீங்களே, அந்த மாதிரி வாசலுக்கும் ஒரு சீட்டு எழுத முடியுங்களா?"

6. நாற்பத்து மூன்று பேர்

அப்படி ஒரு சீட்டு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. போலீஸ் சோதனையில் தலையிட டிரஸ்ஸர் யார்? ஆனால் ஆஸ்பத்திரி முத்திரை என் மேஜையில் இருந்தது. நான்கு நாள் குளுகோஸ் ஏற்றிய குற்றம் என் தலையில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினேன். "இந்தப் பெண்ணுக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது. மருத்துவக் காரணத்தால் சோதனையின்போது இவர் உடலில் யாரும் கை வைக்கக் கூடாது." முத்திரையைக் கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

மரகதம் அதை வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று என்னை இரண்டு தடவை படித்துச் சொல்ல வைத்தாள். பிறகு மடித்து வைத்துக்கொண்டாள். அன்று மாலைக் கஞ்சி வாழை மரத்தடிக்குப் போகவில்லை.

லயத்தில் எந்தச் செய்தியும் தங்காது. அடுத்த திங்கட்கிழமை மரம் வெட்டு முடிந்ததும் ஆஸ்பத்திரி முன்னால் பெண்கள் வரிசை. காய்ச்சல் பரவுகிறதோ என்று பயந்துபோய் வெளியே வந்தேன். ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை.

"எனக்கும் அந்த சீட்டு வேணும்யா" என்றாள் முதலில் நின்றவள்.

"உனக்கு நெஞ்சு நல்லாத்தானே இருக்குது?"

"வாசல்ல நிக்கறப்ப மட்டும் படபடங்குதுய்யா."

பின்னால் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பேரப் பிள்ளை எடுத்த அம்மாள்கூட நின்றார். நிறைமாதக்காரி ஒருத்தி நின்றாள். பெயர் பெயராகக் கேட்டு எழுதினேன். நாற்பத்து மூன்று சீட்டு. விரல் வலித்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு தோட்ட மானேஜரான பெரிய தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் என் சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. பக்கத்து நாற்காலியில் அதே சார்ஜன். தொரைக்கு முகம் சிவந்திருந்தது.

"என் தோட்டத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேருக்குமா இதய நோய்?"

"இன்னும் வரவில்லை சார். வராமல் இருக்கத்தான்."

"கிண்டல் செய்கிறாயா?"

"இல்லை சார். தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது எல்லாருக்கும் மலேரியா மாத்திரை கொடுக்கிறோம். மலேரியா வந்தவர்களுக்கு மட்டுமா கொடுக்கிறோம்?"

வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஆனாலும் மரகதத்துக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். என் தவற்றையும் சேர்த்துத்தான் சொன்னேன். சார்ஜனுக்காக மலாயிலும் சொன்னேன். அவருக்குப் பொட்டலங்கள் ஞாபகம் இருந்தன. அந்தக் கேலியை வாசலில் அவரும் கேட்டிருந்தாரோ என்னவோ, தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அரிசி வெளியே போகக் கூடாது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்" என்றார் கடைசியில்.

அந்த வாரமே வாசலுக்குப் பக்கத்தில் அத்தாப்புக் கீற்றால் ஒரு தடுப்பு எழும்பியது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், தங்கள் சேலையையும் மடியையும் தாங்களே உதறிக் காட்டினால் போதும். பாப்பம்மா வாளியையும் பையையும் பார்ப்பாள். உடம்பில் கை படாது. அந்தப் பக்கம் கான்ஸ்டபிள் யாரும் நிற்கக் கூடாது. கீற்று முடைந்தது பாப்பம்மாதான். இரண்டு உள்ளங்கையும் கிழிந்து, என்னிடம்தான் வந்து மருந்து போட்டுக்கொண்டாள்.

ஒரு காலை, பாப்பம்மா வந்து மரகதத்தைக் கூப்பிட்டாள். "வாம்மா, வேலைக்கு இல்ல. சும்மா போய்ட்டு வருவோம்." இருவரும் மெதுவாக நடந்து போனார்கள். நான் மருந்தறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்குள் போனாள். அந்தப் பக்கம் வெளியே வந்தாள். ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தாள். வார்டுக்குப் போகாமல் நேரே குசினிக்குப் போனாள்.

"மாமா, பசிக்குது" என்றாள் முனியாண்டியிடம்.

ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் 'பசிக்குது' என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. முனியாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் உத்தரவு, யாரும் பார்க்கக் கூடாது. தட்டில் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, பின்னால் கையை நீட்டினார். அவர் தோள் குலுங்கியது, குசினி வாசலுக்கு வெளியே வந்து நின்ற எனக்குத் தெரிந்தது. நானும் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இன்று ஆஸ்பத்திரி வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான். மெலிந்த பெண்ணுக்கு நாடி மெதுவாக ஓடினால் நன்றாக இருக்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடந்தவருக்கு அள்ளிக் கொட்டாதீர்கள், டாக்டரைக் கேட்டு, அளந்து, மெதுவாகக் கொடுங்கள். குசினியில் இருக்கிறவர் ஏதாவது சொல்ல வந்தால் நின்று கேளுங்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்ட பிறகு, உன்னை யார் என்ன சொன்னார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதால் ஒரு உயிர் போக இருந்தது.

மூன்று மாதம் கழித்து மரகதத்தை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லாரியில் இல்லை, பஸ்ஸில். வழியில் அவளே ஜன்னல் பக்கம் இடம் கேட்டு உட்கார்ந்தாள். அதே டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, முன்னாலும் பின்னாலும் கேட்டார். படி ஏறி இறங்கச் சொல்லி மறுபடி கேட்டார். காதிலிருந்து கழற்றிவிட்டு, "நல்ல இதயம்" என்றார்.

பிறகு கார்டை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"என்ன மருந்து குடுத்தனீர்?"

"முனியாண்டி கஞ்சி கொடுத்தார் டாக்டர். வாசலில் ஒரு தடுப்புக் கட்டினோம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே கார்டில் எழுதிக்கொண்டார்.